பிரைட்பர்னா, டாக்டர் ஸ்ட்ரேஞ்சா?

சூப்பர்ஹீரோ கதையும் வேண்டும், பேய்ப்படத்துப் பயமும் வேண்டும் என்பவர்கள் இந்த இரண்டில் எதைப் பார்ப்பது என்றுதான் குழம்புகிறார்கள்.

நேரம்: ‘பிரைட்பர்ன்’ (2019) ஒன்றரை மணி நேரம். ‘டாக்டர் ஸ்ட்ரேஞ்ச் இன் த மல்டிவர்ஸ் ஆஃப் மேட்னஸ்’ (2022) இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல்.

முன்கதை: முதலாவதற்கு எதுவும் வேண்டாம். இரண்டாவதற்கு ‘வாண்டாவிஷன்’ தொடரைப் பார்த்திருந்தால்தான் படத்தில் வரும் சூனியக்காரி வாண்டாவின் ஆவேசம் புரியும்.

பயம்: கைகால் முறுக்கிக்கொண்டு பிரதிபலிப்புக்குள்ளிருந்து வெளியே வருகிறாள் வாண்டா. இயக்குநர் சாம் ரைமியின் கைவண்ணம், அருமை! ஆனால் பிரைட்பர்னில் உணவக ஊழியை தன் கண்ணில் குத்திய கண்ணாடிச் சில்லைத் தானே மெல்ல உருவும் காட்சி வயிற்றைக் கலக்கிவிடும். அதற்குக் காரணம் ஒரு பள்ளிக்கூடப் பையன் என்பது இன்னும் கொடூரம்.

வளர்ந்த பிள்ளைகளோடு பார்க்க ஸ்ட்ரேஞ்ச் சரி. நிஜமாகவே நடுங்க வேண்டுமென்றால் பிரைட்பர்ன்தான், பிள்ளைகள் தூங்கிய பிறகு.