தற்காலிகமாக வளர்ப்பதா, தத்தெடுப்பதா?

மீட்கப்பட்ட நாயைத் தத்தெடுத்தால் அது 10, 15 வருடப் பொறுப்பு. சாப்பாடு, தடுப்பூசி, வயதான காலத்து வைத்தியம் எல்லாமே உங்களுடையது. தற்காலிகமாக வளர்ப்பது, அதற்கு நிரந்தர வீடு கிடைக்கும் வரை, சில வாரங்களோ சில மாதங்களோதான், மருத்துவச் செலவைப் பெரும்பாலும் மீட்பு அமைப்பே ஏற்கும், ஆனால் நாயை வீட்டுக்குக் கூட்டி வருவதற்கு முன்பே இதைத் தெளிவாகப் பேசிவிடுங்கள்.

சரி, எது சுலபம்? தற்காலிகம்தான் என்று நினைத்துவிடாதீர்கள். முதல் 3 நாள் பயத்தில் மூலையிலேயே கிடக்கும், சாப்பிடாது, 3 வாரத்தில் வீட்டு ஒழுங்கு பிடிபடும், முழுசாக நம்பிக்கை வர 3 மாதம்கூட ஆகலாம் என்று நாய் வளர்ப்பவர்கள் பொதுவாகச் சொல்வார்கள், அந்தக் கடினமான முதல் பகுதி முழுக்க உங்கள் தலையில்தான் விழும். வீட்டில் ஏற்கெனவே நாய் இருந்தால் புதியதை முதல் 2 வாரம் தனி அறையில் வையுங்கள், கிண்ணம், விரிப்புகூடத் தனியாக. நாய்களின் உயிரையே பறிக்கக்கூடிய, எளிதில் தொற்றும் பார்வோ வைரஸ் தரையிலும் மண்ணிலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். இதில் மட்டும் தயவுசெய்து அலட்சியம் வேண்டாம்.

அப்புறம் பிரிவு. அனுப்பும் நாளில் மனசு உடையும், ஆனால் அந்த இடம் காலியானால்தான் அடுத்த நாய்க்குக் கூரை கிடைக்கும். வேலை ஊர் ஊராக மாறுகிறதா, இதுவரை நாயே வளர்த்ததில்லையா, அப்படியானால் தற்காலிகமாகவே தொடங்குங்கள் என்பேன். ஏற்கெனவே ஒன்றின் மேல் மனசு போய்விட்டது, வீட்டில் எல்லோருக்கும் சம்மதம் என்றால் தத்தெடுத்துவிடுங்கள்.