86,500 ரூபாய்க்கு இரண்டு பலூன்: வாங்குகிறவர்கள் இதைப் படித்துவிட்டு வாங்குங்கள்

86,500 ரூபாய். தொகையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மூன்று இரவுகளாகத் தூக்கம் இல்லாமல் நான் எண்ணிக்கொண்டிருப்பது இதைத்தான்.

கடலடியில் கிடக்கும் பாரத்தைக் காற்றடைத்து மேலே கொண்டுவரும் பை இருக்கிறதே, லிஃப்ட் பேக் என்று விற்பார்கள், தூத்துக்குடிப் பக்கம் நாங்கள் பலூன் என்றே சொல்வோம், அதில் இரண்டு வாங்கினேன். ஒரு டன் தூக்கும் என்று எழுதியிருந்தது. தூக்கிய லட்சணத்தைக் கீழே சொல்கிறேன்.

என் விசைப்படகு போன மாதம் விசிறித் தண்டு போகும் சாஃப்ட் குழாய் வழியாகத் தண்ணீர் ஏறி மூழ்கியது. ஆட்கள் தப்பினார்கள், அந்த மட்டில் மாதா காப்பாற்றினாள். எட்டுப் பாக ஆழம், மீட்டர் கணக்கில் 15-ஐ ஒட்டி வரும். பலகை எல்லாம் உடைந்து போய்விட்டது. ஆறு சிலிண்டர் டீசல் இன்ஜினும் கியர்பெட்டியும் மட்டும் சேற்றில் அரைவாசி புதைந்து கிடந்தன. இரண்டும் சேர்ந்து 850 கிலோ. என் மைத்துனன் சங்கு குளிப்பவன். "அத்தான், கிரேன் வைத்த படகுக்குக் கொடுக்கிற வாடகையில் பலூனே வாங்கிவிடலாம், பிறகு நாலு பேருக்கு வாடகைக்கும் விடலாம்" என்றான். கணக்கு சரியாகத்தான் பட்டது.

பழைய பொருள், புதுப் பொருள் எல்லாம் விற்கும் ஓர் இணையச் சந்தையில் தேடினோம். வேறொரு துறைமுக ஊரில் கடல் சாமான் விற்கும் கடை. படம், விலை, ஐந்தில் நாலரை நட்சத்திரம். பேசிப் பார்க்கலாம் என்று எண்ணைக் கேட்டேன், அரை மணி நேரத்தில் வீடியோ அழைப்பே வந்துவிட்டது.

நான் விழுந்த இடம் அந்த அழைப்புதான். பேசியவர் பையை விரித்துக் காட்டினார். கரும்பச்சைத் துணி, மஞ்சள் நாடா, உச்சியில் காற்றை வெளியேற்றும் வால்வு. அதன் கயிற்றை இழுத்து வால்வு திறப்பதையும் காட்டினார். "அண்ணாச்சி, நானும் கடலோரத்தில் பிறந்தவன்தான். உங்கள் ஆள் கடலுக்கடியில் நிற்கிற வேலை இது, இதில் போய் நான் ஏமாற்றுவேனா?" என்று கேட்டார். ஐ.எம்.சி.ஏ. என்ற கடல் வேலை ஒப்பந்தக்காரர்களின் பன்னாட்டுச் சங்கம் இந்தப் பைகளுக்கென்றே டி016 என்று ஒரு வழிகாட்டி போட்டிருக்கிறது, அதன்படி சோதித்த சான்றிதழும் தருகிறேன் என்றார். வழிகாட்டி இருப்பது உண்மை. அந்தப் பெயர் அவர் வாயில் வந்ததும் இவர் தொழில் தெரிந்தவர் என்று நினைத்துவிட்டேன். பின்னால் அவருடைய மகள் சீருடையோடு வந்து எட்டிப் பார்த்தாள். சிரிக்காதீர்கள், அது கூட ஒரு காரணம். பணத்தை அன்று மாலையே அனுப்பினேன். 86,500, ஒரே தவணையில்.

பை வந்தது. சான்றிதழும் வந்தது, முத்திரையோடு. அதில் இருந்த வரிசை எண்ணையும் பையில் இருந்த எண்ணையும் ஒத்துப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை. கடலில் காற்று அடங்கக் காத்திருந்தோம், பதினொரு நாள் போனது. (இந்தப் பதினொரு நாளை நினைவில் வையுங்கள்.)

எங்கள் திட்டம் ஒன்றும் மோசமில்லை. முத்து, சங்கு இரண்டும் குளித்த பெரியவர் ஒருவர் எங்களோடு இருந்தார். இரும்பு தண்ணீருக்குள் கொஞ்சம் எடை குறையும், 850 கிலோ அங்கே 730 போல நிற்கும். ஆனால் சேறு பிடித்து இழுக்கும், அந்தப் பிடி சில நேரம் பாரத்தின் எடைக்கே சமமாகிவிடும். ஆகையால் முதலில் சேற்றைத் தோண்டி அடிப்பக்கம் தண்ணீர் புகவிட வேண்டும், பிறகு ஒரு பையை நிறைக்க வேண்டும், அசையவில்லை என்றால் மட்டும் இரண்டாவதில் கொஞ்சம் கொஞ்சமாகக் காற்று விட வேண்டும் என்றார். சேறு விட்ட நொடியில் மிச்சத் தூக்கல் அத்தனையும் பாரத்தை மேலே எறிந்துவிடும் என்பதுதான் அவருடைய பயம். காற்றும் சும்மா இருக்காது. 15 மீட்டரில் 400 லிட்டராக இருப்பது மேலே வரும்போது 1000 லிட்டராக விரியும். அரைகுறையாக நிரப்பிய பெரிய பை ஏற ஏற ஊதி, ஏற ஏற வேகம் பிடிக்கும். நிறைந்த பை என்றால் விரிகிற காற்று திறந்த அடிவாய் வழியாகக் கொட்டிவிடும், தூக்கல் மாறாது. பெரிய பை ஒன்றைவிடச் சின்னப் பைகளை முழுதாக நிரப்புவது நல்லது என்று சொல்வது இதனால்தான்.

காற்றுக்குத் தனியாக மூன்று சிலிண்டர் எடுத்திருந்தோம். மூச்சு விடுகிற குழாயிலிருந்து பைக்குக் காற்று எடுக்கவே கூடாது என்று பெரியவர் படகில் ஏறும் முன்பே சத்தியம் வாங்கியிருந்தார். 12 லிட்டர் சிலிண்டரில் 200 பார் அழுத்தம் என்றால் மேற்பரப்புக் கணக்கில் 2400 லிட்டர் காற்று. ஒரு டன் தூக்கப் பையில் ஆயிரம் லிட்டர் காற்று வேண்டும். பை நின்ற ஆழத்தில் அந்த ஆயிரம் லிட்டர் நிறைய ஏறக்குறைய ஒரு சிலிண்டர் முழுதாகவே காலியாக வேண்டும்.

காலியாகவில்லை. முதல் பை நிறைந்து அடிவாயில் குமிழி கொட்டத் தொடங்கியபோது அழுத்தமானியின் முள் நூறுக்குப் பக்கத்தில் நின்றது. பாதிச் சிலிண்டர் மிச்சம்! மேலே வந்து மைத்துனன் இதைச் சொன்னபோது நாங்கள் என்ன செய்தோம் தெரியுமா? சந்தோஷப்பட்டோம். காற்று மிச்சம் என்று. பையின் கொள்ளளவு எழுதியதில் பாதிதான் என்று அந்த முள் சொல்லிக்கொண்டிருந்தது, மூன்று பேரில் ஒருவருக்கும் உறைக்கவில்லை.

இன்ஜின் அசையவில்லை. டன் கணக்கில் தூக்கல் கொடுத்தும் அசையவில்லை என்றால் சேறுதான் பிடிக்கிறது என்று முடிவு கட்டி இரண்டாவது பையையும் நிரப்பினோம். அது நிறையும் நேரத்தில் சேறு விட்டது. இரண்டு பையும் இன்ஜினைப் பறித்துக்கொண்டு கிளம்பின. மேலே வர இன்னும் மூன்று பாகம் இருக்கும்போது ஒரு பையின் நாடா தையலோடு பிய்ந்தது, பை சாய்ந்து காற்று அத்தனையையும் கொட்டியது. மிச்சமிருந்த ஒன்றால் தாங்க முடியவில்லை. 850 கிலோ இரும்பு திரும்பக் கீழே போனது.

மைத்துனன் நீவாட்டுக்கு, அதாவது நீரோட்டத்துக்கு, மேற்பக்கம் தள்ளி நின்றிருந்தான். பாரத்துக்கு நேர் கீழே போகாதே என்று பெரியவர் சொன்னதைக் கேட்டதால் இன்று என் மனைவிக்குத் தம்பி இருக்கிறான். பைக்குக் காற்று விடும் குழாய் இன்ஜினுக்கு அடியில் சிக்கி நசுங்கிப் போனது. அது மூச்சுக் குழாயாக இருந்திருந்தால்? எழுதும்போதே கை நடுங்குகிறது.

கரைக்கு வந்து மிச்சமிருந்த பையின் அடிவாயைக் கட்டி, காற்றடைத்து, அளவு நாடா போட்டு அளந்தேன். குறுக்களவு 98 சென்டிமீட்டர். உருண்டையாகக் கணக்குப் போட்டால் 500 லிட்டருக்குக் கொஞ்சம் குறைவு. ஆயிரம் லிட்டர் பிடிக்க 124 சென்டிமீட்டர் வேண்டும். பார்வைக்கு ஒரு சாண் வித்தியாசம்தான், தூக்குவதில் சரிபாதி. பெயிண்ட் தின்னரில் துணியை நனைத்து, பையில் எழுதியிருந்த 1000 என்ற எண்ணைத் துடைத்தேன். கறுப்பு கரைந்து, அடியில் வெளிறிப்போன 500 எட்டிப் பார்த்தது. சுமை நாடாவும் உச்சி வரை சுற்றிப் போகவில்லை. பையின் கீழ் விளிம்பில் ஒரு கை அகலத்துக்குத் தைத்து, மேலே போவது வெறும் அலங்காரத்துக்கு ஒட்டிய மஞ்சள் பட்டை. அலங்காரம்!

கடைக்காரரை அழைத்தேன். நான்கு நாள் அவர் எடுக்கவில்லை. மைத்துனன் எண்ணிலிருந்து அழைத்ததும் முதல் மணியிலேயே எடுத்தார். "அதிகமாகக் காற்று அடித்துவிட்டீர்கள் அண்ணாச்சி" என்றார். அடிவாய் திறந்த பையில் அதிகம் என்று ஒன்று கிடையாது, மிஞ்சியது வெளியே போய்விடும். தான் விற்கும் பொருளே தெரியாத ஆள். அதைச் சொன்னதும் "பிய்ந்த பையை விழுந்த இடத்திலேயே வைத்துக் கடலடியில் படம் எடுத்து அனுப்புங்கள்" என்றார். 500 என்ற எண்ணின் படத்தை அனுப்பினேன். நீல அடையாளம் விழுந்தது, பதில் இல்லை. அடுத்த நாள் ஒரு குரல் பதிவு வந்தது. "டைட்டானிக்கின் பெரிய தகட்டையே 1996-இல் தூக்கும்போது கயிறு அறுந்து திரும்ப விழுந்தது அண்ணாச்சி, கடல் வேலை என்றால் அப்படித்தான்." விழுந்தது உண்மைதான், 1998-இல் மறுபடி போய் எடுத்தார்கள். முதல் முறை அங்கே டீசல் நிரப்பிய பைகளோடு நடுக்கடலில் புயலில் மாட்டினார்கள். அவர்களுக்கு யாரும் 500-ஐ அழித்து 1000 எழுதி விற்கவில்லையே!

இணையச் சந்தைக்காரர்களிடம் போனேன். பொருள் கைக்கு வந்து ஏழு நாளுக்குள் புகார் செய்திருக்க வேண்டுமாம். நான் காற்று அடங்கக் காத்திருந்தது பதினொரு நாள். கடலுக்கு அவர்களுடைய ஏழு நாள் தெரியுமா? மூன்று முறை எழுதினேன், மூன்று முறையும் ஒரே வாசகம், எழுத்துப் பிசகாமல். கடைசியில் "உங்கள் புகார் தீர்க்கப்பட்டது" என்று செய்தி வந்தது, கூடவே எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள் என்ற கேள்வியும். 86,500 ரூபாய் போனவனிடம் நட்சத்திரம் கேட்கிறார்கள்.

1915-க்கு, தேசிய நுகர்வோர் உதவி எண், அழைத்துப் புகாரைப் பதிந்திருக்கிறேன். பார்க்கலாம்.

விரிவாக எழுத வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன், பொறுமை இல்லை. வாங்குகிறவர்கள் இதையாவது செய்யுங்கள். பை வந்த அன்றே காற்றடைத்து அளந்துவிடுங்கள், எழுதியிருப்பதை நம்பாதீர்கள். சுமை நாடா பையின் உச்சியைச் சுற்றி மறுபக்கம் இறங்குகிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். சான்றிதழின் எண்ணும் பையின் எண்ணும் ஒன்றா என்று பாருங்கள். முதல் தூக்கலை நாலு பாகத்துக்குள், போனால் போகட்டும் என்கிற பாரத்தோடு செய்து பாருங்கள். சிலிண்டரின் முள் கணக்குக்கு ஒத்துவரவில்லை என்றால் வேலையை நிறுத்துங்கள். கீழே யாரும் நிற்க வேண்டாம். முழுப் பணத்தையும் முன்னால் கொடுக்காதீர்கள். வேறு என்ன, அவ்வளவுதான்.

இன்ஜின் இன்னும் எட்டுப் பாகத்தில் கிடக்கிறது, இப்போது முன்பைவிட ஆழப் புதைந்து. இதைப் பதிவிடும் முன் அந்த விளம்பரத்தை ஒரு முறை பார்த்தேன். அதே படம், அதே மஞ்சள் பட்டை. விலையில் 3,000 தள்ளுபடி போட்டிருக்கிறார்கள்.