டி வலேரா தேடுபவர்களுக்கு குன்னூரில் ஒரு பழைய புத்தகக் கடை

குன்னூர் பெட்போர்டு பக்கம், மாடிப்படிக்கு அடியில் ஒடுங்கிக் கிடக்கும் கடை. எஸ்டேட் பங்களாக்களைக் காலி செய்யும்போது வரும் மூட்டைகள்தான் சரக்கு. முக்கால்வாசி துப்பறியும் நாவல். உள் அலமாரியின் கீழ்த்தட்டில் அயர்லாந்து அரசியல் இருக்கிறது. அந்நாட்டு விடுதலைத் தலைவர் ஏமன் டி வலேராவின் வாழ்க்கை வரலாறு மட்டும் நான்கு. விலை 150 முதல் 400 ரூபாய். அட்டை அழகைப் பார்த்து எடுத்தால் பாதி மனிதரைத்தான் வீட்டுக்குக் கொண்டுபோவீர்கள்.

முதலில் அச்சான ஆண்டைப் பாருங்கள். 1930களின் நடுவில் வந்த புத்தகத்தில் பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிரான 1916 ஈஸ்டர் எழுச்சியும், அவருடைய மரண தண்டனை ஆயுள் தண்டனையானதும், 1919 பிப்ரவரியில் லிங்கன் சிறையிலிருந்து தப்பியதும் விரிவாக இருக்கும். (பாதிரியாரின் சாவியை மெழுகில் அச்செடுத்து, கேக்கில் மறைத்து மாற்றுச் சாவி வரவழைத்த கதை, அதை விடுபவர் யார்?) ஆனால் 1937 அயர்லாந்து அரசியலமைப்பு இருக்காது. நமக்கு வேண்டியதே அதுதான்: நம் அரசியலமைப்பின் நான்காம் பகுதியில் உள்ள வழிகாட்டு நெறிமுறைகளுக்கு முன்மாதிரி அதன் 45ஆவது பிரிவு. 1973 வரை குடியரசுத் தலைவராக இருந்து 1975 ஆகஸ்ட் 29 அன்று இறந்தவர் அவர். முழு வாழ்க்கையும் வேண்டுமென்றால் அதற்குப் பின் அச்சானதை எடுங்கள்.

அடுத்து, கடைசிப் பக்கங்களின் பெயரடைவைப் பிடித்து மூன்று இடங்களுக்குப் போங்கள். ஒன்று, பிரிட்டனுடன் செய்த 1921 டிசம்பர் ஒப்பந்தம். பேச்சுவார்த்தைக்கு லண்டனுக்குத் தான் போகாமல் சக தலைவர்கள் காலின்ஸையும் கிரிஃபித்தையும் டி வலேரா அனுப்பியது ஏன் என்று ஆசிரியர் வாதிடுகிறாரா, நழுவுகிறாரா? 1922 ஜனவரி 7 அன்று அயர்லாந்து நாடாளுமன்றம் ஒப்பந்தத்தை ஏற்ற வாக்கெடுப்பு 64–57. அந்த ஏழு வாக்கிலிருந்துதான் உள்நாட்டுப் போர் வரை வழி போகிறது. இரண்டு, ஒப்பந்தப்படி நாடாளுமன்ற உறுப்பினர்கள் எடுக்க வேண்டிய, பிரிட்டிஷ் அரசருக்கான விசுவாச உறுதிமொழி. அதை ஏற்க முடியாது என்று ஐந்து ஆண்டுகள் நாடாளுமன்றத்துக்கு வெளியே நின்றவர், 1926இல் ஃபியனா ஃபாயில் கட்சியைத் தொடங்கி, 1927 ஆகஸ்டில் வெற்றுச் சடங்கு என்று சொல்லிக் கையெழுத்திட்டு உள்ளே போனார். ஐந்து ஆண்டுகளுக்குப் பின் ஆட்சி அவர் கையில். மூன்று, 1945 மே 2: ஹிட்லர் இறந்ததற்கு ஜெர்மன் தூதரிடம் துக்கம் விசாரித்தது. இது இல்லாத புத்தகம் புகழ்மாலை, அவ்வளவே. நான்கில் பச்சைத் துணி அட்டை போட்ட தடிமனானது மட்டும் மூன்றிலும் தேறுகிறது.

பிறகு ஈரம். அரசியல் வாழ்க்கை வரலாறுகளின் படங்கள் வழுவழுப்பான ஆர்ட் பேப்பரில் தனிக்கொத்தாக இருக்கும். ஈரம் பட்டு உலர்ந்தால் அந்தப் பூச்சு பசைபோல ஒட்டிக்கொள்ளும். இழுத்தால் படம் கிழியும். அதனால் படப் பக்கங்களை முதலில் புரட்டுங்கள். சாம்பல் நிறப் பூஞ்சை மேலாக இருந்தால் வாங்கலாம்: மூக்கைத் துணியால் கட்டிக்கொண்டு, வெளியே வைத்து மெல்லிய பிரஷ்ஷால் தட்டுங்கள். ஈரத்துணி ஆகாது, வெயிலும் ஆகாது. நிழலில் மின்விசிறிக் காற்று, பத்துப் பக்கத்துக்கு ஒரு வெள்ளைத் தாள். செய்தித்தாளை இடையில் வைத்தால் மை இறங்கும்.

கடைக்காரர் பொறுமைசாலி, எவ்வளவு நேரம் புரட்டினாலும் முகம் சுளிப்பதில்லை. பேரம் கிடையாது. பார்சல்தான் குறை: செய்தித்தாளில் சுற்றி நூல் கட்டி அனுப்புகிறார், அக்டோபர் முதல் டிசம்பர் வரை குன்னூர் மழையில் அது தாங்காது. பிளாஸ்டிக் உறை கேட்டு வாங்குங்கள். கடைக்குப் பின்னால் பிரிக்காத மூட்டைகள் இரண்டு இருக்கின்றன. கேட்டால் பிரித்துக் காட்டுகிறார்.