மணிக்கூண்டுச் சந்துப் பழைய புத்தகக் கடை: சட்டமும் கீர்த்தனையும் ஒரே அலமாரியில்

மயிலாடுதுறை மணிக்கூண்டுப் பக்கம் ஒரு சந்தில், ஜெராக்ஸ் கடைக்கும் பாத்திரக் கடைக்கும் நடுவே இருக்கிறது இந்தப் பழைய புத்தகக் கடை. பெயர்ப்பலகை கிடையாது. கோர்ட்டுக்காரர்கள் ‘ஐயா கடை’ என்பார்கள். நான் பெரும்பாலும் குத்தகை வழக்குகள் நடத்துகிற வக்கீல். வாய்தா முடிந்து பஸ் பிடிப்பதற்கு முன்னால் இங்கே நுழைந்துவிடுவேன். கைடு, கொஸ்டின் பேங்க் வேண்டுமென்றால் வேறு கடை பாருங்கள். சட்டம், அரசியல், இலக்கியம் மூன்றையும் சேர்த்து யோசிக்கிறவர்களுக்கு டெல்டாவில் இதைவிட நல்ல கடை எனக்குத் தெரியாது.

காரணம் கடைக்காரர் ஐயா அடுக்கி வைக்கிற முறை. நுழைந்ததும் இடது கைப் பக்கம், மூன்றாவது தட்டைப் பாருங்கள். கோபாலகிருஷ்ண பாரதியாரின் நந்தனார் சரித்திரக் கீர்த்தனை, அட்டை போன பிரதி. அதை ஒட்டி, நூல் போட்டுத் தைத்த 1952-ஆம் வருடத்துத் தஞ்சாவூர் சாகுபடிதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம். அடுத்து 1969-இன் விவசாயத் தொழிலாளர் நியாயக் கூலிச் சட்டம். கடைசியில் கீழ்வெண்மணி வழக்கின் ஹைகோர்ட் தீர்ப்பு, ஜெராக்ஸ் எடுத்து ஸ்பைரல் போட்டது.

“என்னங்கய்யா, பாட்டுப் புஸ்தகமும் சட்டமும் ஒண்ணாக் கிடக்கு?” என்று முதலில் பார்த்தபோது கேட்டேன்.

“கிடக்கல வக்கீலம்மா, வச்சிருக்கேன். நந்தன் என்ன கேட்டான்? சிதம்பரம் போயிட்டு வர ஒரு நாள் லீவு. பண்ணையாளுக்குன்னு ஒரு சட்டம் வர எத்தனை வருஷம் ஆச்சு, நீங்களே பாத்துக்குங்க.”

அந்தத் தட்டை அன்றைக்கு முழுக்கப் பார்த்தேன். சேக்கிழார் சொன்ன நந்தனார் கதையில் நிலச்சொந்தக்காரரான வேதியர் கிடையாது. அவரைக் கொண்டுவந்தவர் நரிமணத்தில் பிறந்து ஆனந்ததாண்டவபுரத்தில் வாழ்ந்த பாரதியார். காவிரிப் பாசன மிராசும் பண்ணையாளும் எப்படி இருந்தார்கள் என்று கண்ணால் பார்த்தவர். நாற்பது வேலி அறுப்பை முடித்துவிட்டுப் போ என்கிறார் வேதியர். வேலிக்கு ஆறே முக்கால் ஏக்கர் என்று வையுங்கள், 250 ஏக்கருக்கு மேல். ஒற்றை ஆளால் ஆகாது என்று தெரிந்தே விதித்த நிபந்தனை. ஈசன் அருளால் ஒரே இரவில் வேலை முடிகிறது, வேதியர் மனம் மாறி நந்தனை வணங்குகிறார். பாட்டைக் கேட்டு உருகாதவர் இல்லை. ஆனால் நந்தனுக்குக் கடைசிவரை கிடைப்பது அனுமதிதான். ஆண்டை மனம் மாறாவிட்டால் அவன் போயிருக்க முடியாது.

பக்கத்திலிருக்கும் 1952 சட்டம் வேறு பாஷை பேசுகிறது. பண்ணையாளை நினைத்தபடி வெளியேற்ற முடியாது, தகராறு வந்தால் விசாரிக்க அதிகாரி உண்டு என்கிறது. ஆண்டை நல்லவரா கெட்டவரா என்ற கேள்வியே அதில் இல்லை. அரசியல் தத்துவத்தில் பெரிய பெரிய புத்தகங்கள் எழுதி விளக்குகிற வித்தியாசம் இது: ஒருவர் தயவில் வாழ்வதா, உரிமையில் வாழ்வதா. ஆண்டை தயாளனாகவே இருந்தாலும், அவர் மனசை நம்பி இருக்கிறவன் சுதந்திரமானவன் அல்ல. என் கட்சிக்காரர்களில் பாதிப் பேர் இன்றைக்கும் நிலக்காரரைப் பற்றி, “அவுங்க பாத்து ஏதாவது செஞ்சாப் போதும்மா” என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். சாகுபடிதாரராகப் பதிவான உரிமை கையில் இருக்கும். வாயில் வருவது தயவு. அந்த இரண்டு புத்தகங்களையும் அடுத்தடுத்து வைத்துப் படித்த பிறகு அவர்களிடம் நான் பேசுகிற விதமே மாறியது.

வெண்மணித் தீர்ப்பை உட்கார்ந்து படியுங்கள். 1968 டிசம்பர் 25 இரவில் கீழ்வெண்மணியில் குடிசைக்குள் எரிந்து இறந்தவர்கள் விவசாயக் கூலிகளின் குடும்பத்தார் 44 பேர். கீழ்க்கோர்ட்டு தண்டித்த நிலக்காரர்களை 1973-இல் ஹைகோர்ட் விடுவித்தது. இவ்வளவு நிலபுலன் உள்ள பணக்காரர்கள், வேலைக்காரர்களின் துணைகூட இல்லாமல், தாங்களே நடந்துபோய்த் தீ வைத்தார்கள் என்பதை நம்ப முடியவில்லை என்று காரணம் எழுதியது. அரசியல் சாசனத்துக்கு மாற்ற முடியாத அடிப்படைக் கட்டமைப்பு உண்டு என்று கேசவானந்த பாரதி வழக்கில் 13 நீதிபதிகள் உட்கார்ந்து, 7-க்கு 6 என்ற கணக்கில் சுப்ரீம் கோர்ட் சொன்னதும் அதே 1973-தான். சட்டக் கல்லூரியில் கேசவானந்த பாரதியை மனப்பாடம் செய்தோம். வெண்மணித் தீர்ப்பின் ஒரு வரிகூட எங்களுக்குச் சொல்லித் தரவில்லை. நம்பத்தக்கது எது என்று முடிவு செய்யும்போது நீதிபதியின் மனசுக்குள் எந்த மாதிரி மனிதர்கள் உலவுகிறார்கள் என்பதை அந்தப் பத்தி காட்டுகிறது. எந்தச் சாட்சியச் சட்ட நூலும் இவ்வளவு தெளிவாக அதைக் காட்டாது.

தரையில் இந்திய தண்டனைச் சட்ட உரைநூல்கள் குவியலாக இருக்கும். 2024 ஜூலை 1-இல் அதற்குப் பதிலாகப் புதிய குற்றவியல் சட்டங்கள் வந்ததும் ஆபீஸ்கள் கழித்துவிட்டவை. மலிவாகக் கிடைக்கும், எடுத்து வையுங்கள். பிரிவுகளுக்குக் கீழே, இந்தச் சட்டத்தை வரைந்த மெக்காலே காலத்து உதாரணங்கள் இருக்கின்றனவே, ஒவ்வொன்றும் குட்டிக் கதை. ஒருவன் சட்டைப்பையில் தீனியை வைத்துக்கொண்டு இன்னொருவன் நாயைப் பின்னால் வரவைக்கிறான். நாய் நகர ஆரம்பித்த அந்தக் கணமே திருட்டு முடிந்துவிட்டது என்கிறது சட்டம். எண்ணம் எப்போது குற்றமாகிறது என்ற கேள்வியை ஒரு நாயை நடக்கவைத்தே சொல்லிவிடுகிறார்கள்.

கல்லாவுக்குப் பின்னால் வேதநாயகம் பிள்ளைக்கு மட்டும் தனித் தட்டு. இந்த ஊரில் முன்சீப்பாக இருந்தவர். 1805 முதல் 1861 வரையிலான சதர் கோர்ட்டுத் (ஹைகோர்ட் வருவதற்கு முன்பிருந்த மேல்முறையீட்டுக் கோர்ட்டு) தீர்ப்புகளைச் சுருக்கித் தமிழில் தந்தவர். 1879-இல் வந்த தன் நாவலான பிரதாப முதலியார் சரித்திரத்தில், தமிழ் பேசும் ஜனங்களின் வழக்கை வக்கீல்கள் இங்கிலீஷில் வாதாடுவதைக் கடிந்து எழுதுகிறார். கதாநாயகி ஞானாம்பாளை ஆண் வேடத்தில் அரியணை ஏற்றி, அரசாட்சி எப்படி இருக்க வேண்டும் என்று பேசவும் வைக்கிறார். இந்த நாவல் கடையில் எப்போதும் இருக்கும். இதைத்தான் முதலில் வாங்கச் சொல்வேன்.

குறைகளையும் சொல்ல வேண்டும். வாங்குமுன் பக்கங்களைச் சரிபாருங்கள். நான் வாங்கிய ஒரு நிலச்சீர்திருத்தச் சட்ட உரையில் நடுவில் ஒரு ஃபாரமே, அதாவது சேர்த்துத் தைத்த ஒரு கட்டுப் பக்கங்களே, இல்லை. கொண்டுபோய்க் கொடுத்ததும் முகம் சுளிக்காமல் பணத்தைத் திருப்பினார் என்றாலும், முன்பே பார்த்து வைத்திருக்கலாம். ஆங்கிலத் தத்துவ நூல்களுக்கு விலை கூடுதல், மாணவர்களுக்குக் கட்டுப்படியாகாது. உட்கார ஒரே ஒரு ஸ்டூல். மதியம் கரண்ட் போனால் உள் அலமாரியில் எதுவும் தெரியாது. ஜிபே இருக்கிறது. இரவல் தரமாட்டார், ஆனால் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நின்று படிக்கலாம். சட்ட மாணவர்கள் நோட்டில் எழுதிக்கொண்டு போவதைப் பார்த்திருக்கிறேன்.

வீட்டில் மறைந்த வக்கீல்கள், கர்ணம்கள், விவசாயச் சங்கக்காரர்கள் சேர்த்த பழைய சட்டப் பிரதிகள், துண்டறிக்கைகள் இருந்தால் எடைக்குப் போடாமல் இங்கே கொண்டுவாருங்கள். நியாயமான விலை தருகிறார். குத்தகைப் பதிவு சம்பந்தமான பழைய அரசாணைகள் இருந்தால் எனக்கும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள், ஐயாவிடம் சொன்னால் போதும்.