எலியா, தெள்ளா? பிளேக் கட்டுப்பாட்டில் முதல் அடி எதற்கு

ஒரு தானியக் கிடங்கில் எலிகள் தாமாகவே செத்து விழுவதாகத் தகவல் வந்தபோது நான் பிளேக் கண்காணிப்புக் குழு ஒன்றில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். கிடங்குக்காரர் ஒரே பிடியாக நின்றார்: "விஷத்த வச்சு எல்லாத்தையும் ஒழிச்சுட்டுப் போங்க சார்." நாங்களோ முதல் வாரம் விஷப் பொட்டலத்தைப் பிரிக்கவே இல்லை. எலி மேல் ஒட்டி ரத்தம் குடிக்கும் தெள்ளு என்ற குட்டிப் பூச்சிக்கான மருந்துத் தூளைத்தான் தூவினோம். எலி கண்ணெதிரே ஓடுகிறது, இவர்கள் மாவு தூவி விளையாடுகிறார்கள் என்று அவருக்கு எரிச்சல்.

விஷத்தின் பக்கம் உள்ள நியாயம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். எலி தானியத்தைத் தின்கிறது, வேறு நோய்களையும் தருகிறது. ஜிங்க் பாஸ்பைடு கலந்த இரையை இரவு வைத்தால் காலையில் பலன் தெரியும். ஆனால் அரைகுறையாகத் தின்று பிழைத்த எலி மறுபடி அந்த இரையைத் தொடாது. மிச்சம் இருப்பவை சும்மாவும் இருக்காது. மூன்று வாரக் கர்ப்பம், ஒரு ஈற்றுக்கு ஆறேழு குட்டி. இதில் இன்னொரு சிக்கலும் உண்டு: நோயைத் தாங்கிப் பிழைத்த எலிகளையும் சேர்த்தே கொன்றுவிடுகிறோம். அந்த இடத்துக்கு வரும் புது எலிகளுக்கு எதிர்ப்புச் சக்தி இருக்காது.

இதையெல்லாம் கூட விட்டுவிடலாம். எனக்கு முடிவைத் தந்த கேள்வி ஒன்றுதான்: எலி செத்த இரவில் அதன் மேலிருக்கும் தெள்ளு எங்கே போகிறது?

1898ல் கராச்சியில் பால் லூயி சிமோன் என்ற பிரெஞ்சு மருத்துவர் இதைத்தான் பார்த்தார். பிளேக் கண்ட எலியைத் தெள்ளுகளோடு ஒரு பெரிய கண்ணாடிச் சாடியில் விட்டார். நல்ல எலி ஒன்றைக் கம்பிவலைக் கூண்டில் வைத்து அதே சாடிக்குள் தொங்கவிட்டார். இரண்டும் ஒன்றையொன்று தொட முடியாது. தெள்ளு மட்டும் தாவலாம். முதல் எலி செத்தது, சில நாளில் கூண்டு எலியும் செத்தது. செத்துச் சில மணி நேரமே ஆன எலியைத் தொட்டவர்களுக்குத்தான் ஆபத்து, சில்லிட்டுப் போன எலியால் அவ்வளவு இல்லை என்பதையும் அவர் கவனித்திருந்தார். உடல் ஆறியதும் தெள்ளு இறங்கி அடுத்த சூடான உடம்பைத் தேடிப் போய்விடுகிறது. பக்கத்தில் எலி இல்லையென்றால் அந்த உடம்பு மனிதனுடையது.

போகிற தெள்ளு சாதாரணத் தெள்ளும் இல்லை. பிளேக் கிருமி அதன் இரைப்பைக்கு முன்னால் உள்ள வால்வில் கட்டியாகத் திரண்டு அடைத்துக்கொள்ளும். குடித்த ரத்தம் உள்ளே இறங்காது. பசி அடங்காமல் திரும்பத் திரும்பக் கடிக்கும், ஒவ்வொரு கடியிலும் கிருமி கலந்த ரத்தத்தைக் கக்கும். எலி நடுவே பிளேக் இருக்கும்போது விஷம் வைப்பது, இந்தத் தெள்ளுகளை நாமே வீட்டுக்குள் அவிழ்த்துவிடுவது மாதிரி. அதனால்தான் முதலில் தெள்ளு, அதன் பிறகே எலி என்ற வரிசை.

கிடங்கில் உயிரோடு பிடித்த எலிகளைத் துணிப்பைக்குள் ஈதர் பஞ்சு வைத்து மயக்கி, வெள்ளை எனாமல் தட்டின் மேல் பிடித்து, ரோமத்தை எதிர்த்திசையில் வாரினோம். மிளகுப்பொடி உதிர்ந்த மாதிரி விழும். ஒரே எலியில் 11 எண்ணினேன். எலிக்குச் சராசரியாக ஒரு எலித்தெள்ளுக்கு மேல் போனாலே எச்சரிக்கை என்பது இந்தத் தொழிலின் பழைய கணக்கு. வளை வாயிலும் சுவரோரத்திலும் தூளைத் தூவினோம். மறுநாள் காலை அதில் சின்னச் சின்னக் காலடிகள், நடுவே வால் இழுத்த கோடு. எலியே மருந்தை ரோமத்தில் வாரிக்கொண்டு வளைக்குள் கொண்டுபோயிருக்கிறது. இரண்டாம் வாரம் வாரிப் பார்த்தபோது தட்டு கிட்டத்தட்ட வெறுமை. அப்புறம்தான் விஷப் பொட்டலம் வெளியே வந்தது.

ஒன்றை மறைக்கக் கூடாது. செத்த எலிகளின் பரிசோதனையில் பிளேக் இல்லை என்றே வந்தது. ஆகவே எங்கள் வரிசை ஒரு நோய்ப் பரவலைத் தடுத்தது என்று மார்தட்ட எனக்கு உரிமை இல்லை. நுரையீரல் பிளேக் என்றால் இந்த வாதமே செல்லாது. அது மனிதனிடமிருந்து மனிதனுக்கு இருமல் வழியே போவது. 2017ல் மடகாஸ்கரில் 200 பேருக்கு மேல் இறந்த பரவலில் பெரும்பகுதி அந்த வகைதான். அங்கே வேலை செய்வது ஆன்டிபயாட்டிக்கும் தனிமைப்படுத்தலும் மட்டுமே.

விஷம், தூள் தவிர மூன்றாவது வழி, காட்டுப் பிராணிகளுக்கு இரையில் வைத்துத் தரும் தடுப்பு மருந்து. அமெரிக்காவில் பிரெய்ரி நாய் என்ற, வளை தோண்டி வாழும் அணில் இனப் பிராணிகளுக்குக் கடலை வெண்ணெய் வாசனையோடு கொடுத்துப் பார்த்தார்கள். நான் அதைக் கையால் தொட்டதில்லை, படித்ததோடு சரி. திறந்தவெளியில் பரந்து கிடக்கும் வளைகளுக்கு அது பொருந்தலாம். கிடங்குக்கும் குடியிருப்புக்கும் நான் அதை யோசிக்க மாட்டேன்.

தூளின் பலவீனம் பராமரிப்பு. ஈரம் பட்டால் கட்டிதட்டும், கூட்டினால் போய்விடும், திரும்பத் திரும்பத் தூவ ஆள் வேண்டும். மடகாஸ்கரில் எலி நுழையும் வாயில் மருந்தும் நடுவில் இரையும் வைத்த பெட்டிகளைப் பயன்படுத்துகிறார்கள். மழைக்கு அது தேவலை. ஆனால் அதே மடகாஸ்கரில் எலித்தெள்ளு டெல்டாமெத்ரின் என்ற பூச்சிமருந்துக்குச் சாகாத அளவுக்குப் பழகிப்போயிருக்கிறது. மருந்து தோற்றுப்போனால் முதலில் தெள்ளு என்ற வரிசைக்கு அர்த்தமே இல்லை. அதனால் மூட்டைக்கணக்கில் தூள் வாங்கும் முன், அந்த இடத்துத் தெள்ளுகளையே வாரி எடுத்து, மருந்து தடவிய தாளோடு ஒரு கண்ணாடிக் குழாயில் போட்டுச் சாகிறதா என்று பார்த்துவிட வேண்டும்.