ஃப்ரீவீல் இல்லாமல் நாலு வருடம்: சென்னையில் என் ஃபிக்ஸட் கியர் சைக்கிள்

இந்த வண்டியைக் கட்டி ஓட்ட ஆரம்பித்து நாலு வருடம் ஆகிறது. ஹேண்டில்பாரில் மாட்டிய மீட்டர் 11,400 கிலோமீட்டர் காட்டுகிறது. பெரும்பகுதி ஒரே பாதை. திருவான்மியூரில் கிளம்பி எல்.பி. ரோடு, அடையாறு, கோட்டூர்புரம், நந்தனம், தி.நகர் வழியாக நுங்கம்பாக்கம். ஒரு வழி சுமார் 11 கிலோமீட்டர், வாரத்தில் மூன்று நாள். வாங்கிய புதிதில் எழுதும் அனுபவத்துக்கும் நாலு மழைக்காலம் பார்த்த பிறகு எழுதுவதற்கும் வித்தியாசம் உண்டு. அதனால்தான் இவ்வளவு நாள் காத்திருந்தேன்.

ஃபிக்ஸட் கியர் என்றால் என்ன என்பதைத் தெரியாதவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். சின்ன வயதில் இறக்கத்தில் பெடலை நிறுத்திவிட்டு, பின்சக்கரத்திலிருந்து டிக் டிக் என்று சத்தம் வர, காலை அசைக்காமல் போவோமே, அந்தச் சத்தம் ஃப்ரீவீலுடையது. சக்கரம் சுற்றினாலும் பெடல் நிற்கலாம் என்று அனுமதி கொடுப்பது அதுதான். இந்த வண்டியில் அது கிடையாது. பின்னால் இருக்கும் பல் சக்கரம் நேராக ஹப்பில், அதாவது சக்கரத்தின் நடுப்பகுதியில், முறுக்கப்பட்டிருக்கும். சக்கரம் சுற்றும்வரை பெடலும் சுற்றும், பெடல் சுற்றும்வரை காலும் சுற்றியாக வேண்டும். காலால் எதிர்த்து அழுத்தினால் வண்டி வேகம் குறையும். ஃப்ரீவீல் பரவுவதற்கு முன், 1890களில் ஓடிய சைக்கிள்கள் பெரும்பாலும் இப்படித்தான் இருந்தன. வெலோட்ரோம் எனப்படும் சைக்கிள் பந்தயத் தளத்தில் ஓட்டும் சைக்கிள்கள் இன்றும் இப்படித்தான்.

ஃப்ரேம் ஒரு நண்பர் வீட்டு மொட்டை மாடியில் கிடந்த பழைய ஸ்டீல் ஃப்ரேம். 27 அங்குலச் சக்கரத்துக்கானது. பின் ஆக்சில் உட்காரும் பள்ளம் படுக்கை வாக்கில் இருந்ததுதான் எனக்கு முக்கியம். ஃபிக்ஸட் கியரில் செயினை இழுத்து வைக்க ஸ்பிரிங் எதுவும் வைக்க முடியாது, சக்கரத்தையே பின்னால் நகர்த்தித்தான் செயினை டைட் செய்ய வேண்டும். இன்றைய ரோடு பைக் ஃப்ரேம்களில் பள்ளம் செங்குத்தாக இருக்கும், அவை இதற்கு ஒத்துவராது. 27 அங்குல ஃப்ரேமில், அதைவிடக் கொஞ்சம் சின்னதான 700சி அளவுச் சக்கரம் போட்டால் ரிம்முக்கு மேலே நாலு மில்லிமீட்டர் கூடுதல் இடம் கிடைக்கும். அகலமான டயர் போகும். ஆனால் பிரேக் கட்டையும் அந்த நாலு மில்லிமீட்டர் கீழே எட்ட வேண்டும். கை நீளமான பிரேக் தேடிப் பாரிமுனையில் இரண்டு சனிக்கிழமை அலைந்தேன்.

எங்கள் தெரு முனையில் ஒரு பாய் கடை இருக்கிறது. நாற்பது வருடமாக சைக்கிள் வேலை பார்ப்பவர். ஃப்ரேமை அவரிடம்தான் கொண்டுபோனேன். செலவைக் குறைக்க நினைத்து, சாதாரண ஃப்ரீவீல் ஹப்பிலேயே பல் சக்கரத்தை முறுக்கி, அதன்மேல் பெடல் பகுதியில் வரும் ஒரு லாக் வளையத்தை இறுக்கிவிடலாம் என்றேன். பார்த்ததுமே தலையை ஆட்டினார்.

"தம்பி, இது ஒரு நாளு கழண்டுக்கும். பின்னால மிதிச்சா மரை தொறக்குற பக்கம்தான் இழுக்குது பாரு."

நான் கேட்கவில்லை. மூன்றாவது வாரம், கோட்டூர்புரம் பாலத்து இறக்கத்தில் முன்னால் ஒரு ஆட்டோ சட்டென்று நின்றது. காலால் எதிர்த்து அழுத்தினேன். முதலில் பிடித்தது, அப்புறம் வெண்ணெய் மாதிரி வழுக்கிக்கொண்டு பெடல் பின்னால் சுற்றியது. பல் சக்கரமும் வளையமும் சேர்ந்தே கழன்றுவிட்டன. முன் பிரேக் இருந்ததால் நின்றேன். இல்லாவிட்டால் ஆட்டோவின் பின்கண்ணாடியில்தான் நின்றிருப்பேன்.

காரணம் பாய் சொன்னதேதான். சாதாரண ஹப்பில் ஒரே மரை, வலப்புறமாக முறுக்குவது. பின்னால் மிதிக்கும்போது இரண்டுமே கழலும் திசையில் போகும். ஃபிக்ஸட் கியருக்கென்றே செய்த உண்மையான டிராக் ஹப்பில் இரண்டு மரைகள் உண்டு. பல் சக்கரத்துக்கு வழக்கமான மரை. அதற்கு வெளியே, கொஞ்சம் சின்ன விட்டத்தில், லாக் வளையத்துக்கு எதிர் மரை. பல் சக்கரம் கழல முயன்றால் வளையம் இன்னும் இறுகும். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் யாரும் காசு மிச்சம் பிடிக்கக் கூடாது என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். பிறகு இரண்டு பக்கமும் மரை உள்ள ஃப்ளிப் ஃப்ளாப் ஹப் வரவழைத்தேன். ஒரு பக்கம் ஃபிக்ஸட், மறுபக்கம் ஃப்ரீவீல் போடலாம். அது ஃப்ரேமின் பின் இடைவெளியைவிடக் குறுகலாக இருந்ததால் இரு பக்கமும் வாஷர் வைத்து நிரப்பினோம். போக்ஸ் கம்பி கோத்து, பெண்டு எடுத்துக் கொடுத்தவர் பாய்தான். நாலு வருடத்தில் அந்தச் சக்கரத்தில் ஒரு கம்பிகூட உடையவில்லை.

ஃப்ரேமையும் சேர்த்து மொத்தச் செலவு ஏறத்தாழ 24,000 ரூபாய். வீணான முதல் ஹப்பையும் கணக்கில் சேர்த்திருக்கிறேன்.

கியர் விஷயத்திலும் தவறாகத்தான் தொடங்கினேன். முன்னால் 48 பல், பின்னால் 16. வேகமாகப் போகலாம் என்ற ஆசை. பெடல் ஒரு சுற்று சுற்றினால் சக்கரம் மூன்று சுற்று, தூரம் 6 மீட்டருக்கு மேல். காலியான சாலையில் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் சென்னையில் காலியான சாலை எங்கே? ஒவ்வொரு சிக்னலிலும் நின்று கிளம்பும்போது முட்டியில் பாரம் ஏறியது. ஓடும் வண்டியைக் காலால் நிறுத்துவது அதைவிடக் கடினம். ஆறாவது வாரம் வலது முட்டியில் வலி வந்தது.

இன்னொரு பிரச்சினையும் அதே எண்ணில் ஒளிந்திருந்தது. பின்சக்கரத்தைக் காலால் பூட்டிச் சறுக்கி நிறுத்துவதை ஸ்கிட் என்பார்கள். நமக்கு வாகான கால் எப்போதும் ஒரே நிலையில்தான் பூட்டும். 48ஐ 16ஆல் வகுத்தால் மீதியில்லாமல் 3 வருகிறது. அதாவது பெடல் அதே இடத்துக்கு வரும்போதெல்லாம் சக்கரமும் சரியாக அதே இடத்தில் நிற்கும். டயரின் ஒரே இடம் திரும்பத் திரும்பத் தரையில் தேயும். புது டயர் இரண்டே மாதத்தில் அந்த ஓரிடத்தில் நூல் தெரிந்து போனது, மற்ற இடமெல்லாம் புதிதாக இருந்தது.

இப்போது 44க்கு 17. இந்த இரண்டு எண்ணுக்கும் பொது வகுத்தி இல்லை, அதனால் தேய்மானம் 17 வேறு வேறு இடங்களில் பரவுகிறது. ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 5.5 மீட்டர். நிமிடத்துக்கு 60 சுற்று மிதித்தால் 20 கிலோமீட்டர் வேகம், 90 சுற்றில் 30. இந்த ஊர்ச் சாலைக்கு இதற்குமேல் தேவையில்லை. முட்டி வலி திரும்ப வரவே இல்லை. புதிதாகக் கட்டுகிறவர்கள் இதைவிட லேசாகக்கூட ஆரம்பிக்கலாம், 44க்கு 18 நல்ல எண்.

பிரேக் பற்றி. பிரேக்கே இல்லாமல் ஓட்டுவதுதான் இந்த வண்டிக்கு அழகு என்று சொல்கிறவர்கள் உண்டு. எனக்கு அதில் துளியும் உடன்பாடில்லை. ஜப்பானில் 1948இல் கொக்குராவில் தொடங்கிய கெய்ரின் என்ற டிராக் பந்தயத்தில் பிரேக் இல்லாத வண்டிகள் ஓடுவது உண்மை. ஆனால் அங்கே எல்லோரும் ஒரே திசையில் போகிறார்கள், யாரும் குறுக்கே வருவதில்லை, ஒருவர் திடீரென்று பிரேக் போட்டால்தான் ஆபத்து. அதே ஜப்பானில் பொதுச் சாலைக்கு வந்தால் இரண்டு சக்கரத்துக்கும் பிரேக் சட்டப்படி கட்டாயம். பிரேக் பிடிக்கும்போது எடை முன்னால் சாய்கிறது, பின்சக்கரம் லேசாகிவிடுகிறது. அதனால் எவ்வளவு திறமையாக ஸ்கிட் அடித்தாலும் முன் பிரேக் தரும் நிறுத்தத்தில் ஏறத்தாழ பாதிதான் கிடைக்கும். செயின் கழன்றால் அதுவும் இல்லை. முதல் நாளிலிருந்தே முன் பிரேக் வைத்திருந்தேன், இரண்டாம் வருடம் பின் பிரேக்கும் சேர்த்தேன்.

அப்படியானால் காலால் நிறுத்துவது எதற்கு என்று கேட்பார்கள். நிறுத்துவதற்கு இல்லை, வேகத்தைப் பிடித்து வைத்துக்கொள்வதற்கு. தி.நகர் பக்கம் மாலை ஏழு மணிக்குப் போய்ப் பாருங்கள். ஷேர் ஆட்டோவும் பைக்கும் நடந்து போகிறவர்களும் சேர்ந்து நகரும் கூட்டத்தில், வேகம் 8லிருந்து 12க்கு, மறுபடி 6க்கு என்று மாறிக்கொண்டே இருக்கும். சாதாரண சைக்கிளில் அங்கே மிதி, நிறுத்து, பிரேக், மிதி என்று போக வேண்டும். இதில் காலின் அழுத்தம் மட்டும் கூடிக் குறைகிறது. வண்டி உடம்பின் ஒரு பகுதி போலவே நடந்துகொள்கிறது. முன்னால் போகும் பஸ், ஸ்டாப்பில் ஒதுங்கப் போகிறது என்று தெரிந்த கணத்திலேயே கால் தானாகத் தளர்கிறது. ஆறு மாதத்தில் என் பார்வை முன்சக்கரத்தை விட்டு மூன்று வண்டி தள்ளிப் போய்விட்டது. வேறு எந்த வண்டியும் எனக்கு இதைக் கற்றுக்கொடுத்ததில்லை. இதற்காக மட்டுமே இந்த வண்டியைத் திரும்பத் திரும்ப எடுக்கிறேன்.

சங்கடங்களும் உண்டு. வேகத்தடை வந்தால் பெடலைச் சமமாக நிறுத்தி எழுந்து நிற்க முடியாது, கால் சுற்றும்போதே சீட்டிலிருந்து லேசாக எழ வேண்டும். திருப்பத்தில் வண்டியைச் சாய்த்தால் உள்பக்கப் பெடல் கீழே வந்து தரையில் இடிக்கும். ஒரு முறை இடித்துப் பின்சக்கரம் துள்ளியது. பிறகு பெடலைத் தாங்கும் கை, அதாவது கிராங்கை, 170இலிருந்து 165 மில்லிமீட்டருக்கு மாற்றினேன், இப்போது பரவாயில்லை. 25 மில்லிமீட்டர் டயர் இந்தச் சாலைக்குப் போதவில்லை. 28 போட்ட பிறகு பஞ்சரும் குறைந்தது, மணிக்கட்டு வலியும் போனது.

செயினைத்தான் மிகவும் கவனிக்க வேண்டும். நடுவில் விரலால் அழுத்தினால் ஒரு சென்டிமீட்டர் அளவுக்கு ஆட வேண்டும். அதைவிடத் தொய்ந்தால் கழன்று சக்கரத்தையே பூட்டிவிடும். ரொம்ப இறுக்கினால் பேரிங் தேயும். வீடு கடற்கரைக்குப் பக்கம் என்பதால் உப்புக் காற்றில் துரு சீக்கிரம் ஏறுகிறது, ஒரு தூறலில் நனைந்து துடைக்காமல் விட்டால் இரண்டு நாளில் செம்பழுப்பு நிறம் வந்துவிடும். நாலு வருடத்தில் மூன்று செயின், இரண்டு பல் சக்கரம், ஐந்து பின் டயர் மாற்றியிருக்கிறேன். கியர் இல்லாததால் வேறு செலவு எதுவும் இல்லை.

செயினைத் துடைப்பது பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். ஒரு நாள் கடையில் பாய் வண்டியின் பின்பக்கத்தைத் தூக்கிப் பெடலைச் சுழற்றிவிட்டு, பழக்கதோஷத்தில் துணியோடு செயினைப் பிடிக்கப் போனார். பாய்ந்துபோய் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். சாதாரண சைக்கிளில் துணி மாட்டினால் செயின் அங்கேயே நிற்கும். இதில் சுற்றும் சக்கரத்தின் வேகம் முழுவதும் செயினை இழுத்துக்கொண்டே போகும், துணியோடு விரலும் பல்லுக்குள் போகும். இப்படி விரல் இழந்தவர்கள் உண்டு. சக்கரத்தை நிறுத்தி, ஒரு சாண் துடைத்து, கையை எடுத்து, நகர்த்தி, அடுத்த சாண். ஷூ லேஸ், தொளதொள பேன்ட், துப்பட்டா எல்லாவற்றுக்கும் இதே எச்சரிக்கைதான்.

"இத்தினி வருசத்துல இது தெரியாம போச்சே தம்பி" என்றார் பாய். அடுத்த வாரம் கடைப் பையனுக்கு அவரே அதைச் செய்து காட்டிக்கொண்டிருந்தார்.

குழந்தையை உட்காரவைத்துப் போகிறவர்கள், பெரிய சுமை ஏற்றுகிறவர்கள், முட்டியில் ஏற்கனவே தொந்தரவு உள்ளவர்கள் இதை வாங்க வேண்டாம். முதல் சைக்கிளாகவும் வேண்டாம். சாதாரண சைக்கிளில் இந்த ஊர்ப் போக்குவரத்து பழகிய பிறகு வாருங்கள். வாங்கியதும் ஒரு வாரம் காலையில் காலியான தெருவில் ஓட்டுங்கள். பெடலை நிறுத்தப் பார்க்கும் பழக்கம் காலைவிட்டுப் போவதற்கே அவ்வளவு நாள் ஆகும். முதல் நாள் நான் நிறுத்தப் பார்த்தபோது பெடல் என்னைச் சீட்டிலிருந்து தூக்கியே விட்டது.

மழைக்காலத்துக்கு மட்டும் என் முடிவு வேறு. ஒரு நவம்பரில் கோட்டூர்புரத்தில் தெரு முழங்கால் அளவு நிரம்பியிருந்தது. மற்ற சைக்கிள்காரர்கள் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு உருண்டு போனார்கள். என் கால் ஒவ்வொரு சுற்றிலும் அந்தத் தண்ணீருக்குள் போய் வந்தது. அடியில் பள்ளம் எங்கே என்றும் தெரியாது, பள்ளம் வந்தால் பெடலைச் சமமாக வைத்து உடம்பைத் தயார்படுத்தவும் வழியில்லை. அதனால் அக்டோபர் நடுவில் 15 ஸ்பேனரை எடுத்து, பின்சக்கரத்தைக் கழற்றித் திருப்பிப் போட்டுவிடுகிறேன். ஃப்ரீவீல் பக்கம், இரண்டு பிரேக், மட்கார்டு. பொங்கல் முடிந்து சாலை காய்ந்ததும் மறுபடி திருப்பிப் போடுவேன்.