விண்டோஸ் 11 ஏற்றிக் கொடுத்த கடையின் ஜிமெயில் உங்கள் லேப்டாப்பில் இருக்கிறதா?

ராமநாதபுரம், கீழக்கரை, ராமேஸ்வரம் பக்கம் கடையில் கொடுத்து விண்டோஸ் 11 ஏற்றியவர்கள் முதலில் செட்டிங்ஸில் அக்கவுன்ட்ஸ் போய் 'யுவர் இன்ஃபோ' திறந்து பாருங்கள். அங்கே முன்பின் தெரியாத மின்னஞ்சல் இருந்தால் மேற்கொண்டு படியுங்கள்.

கீழக்கரையில் ஒரு குடும்பத்துக்கு நடந்தது இது. பிள்ளை சபரில், அதாவது வெளிநாட்டில். அவருடைய பாஸ்போர்ட், விசா நகல்கள், கல்யாணப் படங்கள் எல்லாம் வீட்டு லேப்டாப்பில். "பத்துக்கு சப்போர்ட் முடிஞ்சிருச்சு, இன்னைக்கே மாத்தலேன்னா பேங்க் காசு போயிரும்" என்று சொல்லிக் கடை வாங்கியது 3,800 ரூபாய். அதில் 2,000 டிபிஎம் சிப்புக்காம், அதாவது விண்டோஸ் 11 கேட்கும் பாதுகாப்புச் சிப்புக்கு. பழையது உப்புக்காற்றில் போய்விட்டதாம்.

விண்டோஸ் 10க்கு ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்தது நிஜம். ஆனால் வீட்டுக் கணினிகளுக்கு 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட் நீட்டிப்பு உண்டு. அசல் விண்டோஸ் 10 இருந்து, கணினியும் தகுதியானதாக இருந்தால், 11க்கு மாற விண்டோஸ் அப்டேட்டே போதும். காசு இல்லை, ஃபைலும் அழியாது. டிபிஎம் என்பது இன்டெல் எட்டாம் தலைமுறை லேப்டாப்களில் பெரும்பாலும் உள்ளேயே இருக்கும். கணினி தொடங்கும்போதே திறக்கும் அடிப்படை செட்டிங்கான பயாஸில் இன்டெல் என்றால் பிடிடி, ஏஎம்டி என்றால் எஃப்டிபிஎம் என்று தேடி 'எனேபிள்' செய்வது இரண்டு நிமிட வேலை. உப்புக்காற்று யுஎஸ்பி முனையை அரிக்கும். பயாஸ் செட்டிங்கை அரிக்காது.

காசு போனதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. கடை ஃபைல்களை எடுத்து வைத்து, ஃபார்மட் அடித்து, விண்டோஸ் 11இன் 24எச்2 பதிப்பைப் புதிதாக ஏற்றி, எல்லா வாடிக்கையாளருக்கும் போடும் தன் மைக்ரோசாஃப்ட் கணக்கிலேயே இதையும் திறந்திருக்கிறது. அப்படிப் புதிதாக ஏற்றினால் டிஸ்க் தானாகவே என்க்ரிப்ட் ஆகும், அதாவது சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி பூட்டிக்கொள்ளும். 48 இலக்க மீட்புச் சாவி அந்தக் கணக்குக்குப் போகும். டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ் மூன்றும் அதே கணக்கின் ஒன்டிரைவில், அதாவது மைக்ரோசாஃப்டின் இணையச் சேமிப்பில் ஏறும்.

கொஞ்ச நாளில் முகம் தெரியாதவர்களின் ஆதார் நகல்கள் டெஸ்க்டாப்பில் முளைத்தன. வைரஸ் என்று அழித்தார்கள். அழித்தது அந்த இன்னொரு வாடிக்கையாளரின் கணினியிலும் அழிந்திருக்கும், பாவம். மூன்றாம் மாதம் ஒரு பயாஸ் அப்டேட் வந்தது. நீலத் திரை 48 இலக்கத்தைக் கேட்டது. கடையில் கேட்டால், "அந்த ஐடி பாஸ்வேர்டு மறந்துருச்சு, ஃபார்மட் போட்ருவோம்." சாவி இல்லாமல் அந்த டிஸ்க்கை மைக்ரோசாஃப்டாலும் திறக்க முடியாது. சொந்தக்காரருக்கு எட்டாத பாஸ்போர்ட் நகல் கடைக்காரரின் ஒன்டிரைவில் மட்டும் கிடக்கிறது.

உங்கள் லேப்டாப் இன்னும் திறக்கிறதென்றால் வரிசை மாறாமல் செய்யுங்கள். சார்ஜரில் போட்டு, 'ப்ரைவசி அண்ட் செக்யூரிட்டி' பகுதியில் 'டிவைஸ் என்க்ரிப்ஷன்' இருந்தால் அதை அணையுங்கள். முடிய நேரமெடுக்கும். மேகக் குறி உள்ள ஃபைல்கள் டிஸ்க்கில் இல்லை. வலது கிளிக்கில் 'ஆல்வேஸ் கீப் ஆன் திஸ் டிவைஸ்' கொடுத்து, பச்சை டிக் வந்ததும் எல்லாவற்றையும் வெளி ஹார்ட் டிஸ்க்குக்கு நகலெடுங்கள். அதன் பிறகே 'அதர் யூசர்ஸ்' வழியாக உங்கள் கணக்கைச் சேர்த்து அட்மினிஸ்ட்ரேட்டராக்கி, அதில் நுழைந்து, கடைக் கணக்கை நீக்குங்கள். நீக்கும்போது அதன் ஃபைல்களும் போகும், அதனால்தான் நகல் முதலில். பிறகு என்க்ரிப்ஷனை மீண்டும் போட்டு, 48 இலக்கத்தைத் தாளில் எழுதிப் பீரோவில் வையுங்கள்.

ஒன்டிரைவில் கிடப்பதைக் கடைக்காரரை உங்கள் கண்முன்னே அழிக்கச் சொல்லுங்கள். அங்கே ரீசைக்கிள் பின்னிலும் 30 நாள் தங்கும், அதையும் காலி செய்யச் சொல்லுங்கள். பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகளை ஃபோனிலிருந்து மாற்றுங்கள்.

'சிஸ்டம்', 'ஆக்டிவேஷன்' பக்கத்தையும் ஒரு பார்வை. உங்கள் நிறுவனத்தின் ஆக்டிவேஷன் சர்வீஸ் என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தால், வீட்டு லேப்டாப்புக்கு ஏது நிறுவனம்? திருட்டு ஆக்டிவேட்டர்தான். அது விண்டோஸின் வைரஸ் தடுப்பான டிஃபெண்டரின் 'எக்ஸ்க்ளூஷன்ஸ்' பட்டியலில் சி டிரைவையே விலக்கிவிட்டுப் போயிருக்கலாம்; பார்த்து நீக்குங்கள்.

இனிக் கொடுக்கிறவர்கள் ஃபைல்களை வெளியே எடுத்துவிட்டுக் கொடுங்கள்; கணக்குத் திரை வரும்போது கூட இருந்து உங்கள் மின்னஞ்சலை நீங்களே தட்டுங்கள். பில் தராத கடையென்றால் ஜிபேயில் அனுப்புங்கள், அந்தப் பதிவு கையில் இருக்கும். நுகர்வோர் உதவி எண் 1915. வங்கிப் பணமே போயிருந்தால் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண் 1930.